காபிக்கு ஒரு மணி நேரம் முன்னால்

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் கோகிலா போய்விட்டாள், இந்நேரம் கையை நீட்டியிருப்பாள், ரப்பர் குழாயைக் கட்டியிருப்பார்கள், ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பயம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருப்பாள், நானும் கூடப் போயிருக்கலாம். நாற்பத்துநாலு வயதுப் பெண்ணுக்கு அப்பன் எதற்குத் துணை என்று இந்த இரும்பு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன் என்று யாராவது கேட்டால் சொல்லலாம், ஆனால் உண்மை அது இல்லை, அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. டாக்டரம்மாவின் அறையை விட்டு வெளியே வந்ததிலிருந்து அப்படித்தான். அந்தப் பொண்ணுக்கு முப்பது வயதுதான் இருக்கும், பேசும்போது பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து பேசுகிறாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கோகிலாவிடம்தான் கேட்டாள். "தைராய்டு மாத்திரையைக் காலையில எப்பம்மா போடறீங்க?" "எந்திரிச்சதும் வெறும் வயித்துலதாங்க." "அப்புறம் எவ்வளவு நேரம் கழிச்சு காபி?" "அப்புறம் என்னங்க, காபியிலயேதான் முழுங்குவேன். எங்கம்மாளுக்கும் இதே மாத்திரைதாங்க, எங்கப்பாதான் தினமும் காபியோட கையில கொண்டாந்து குடுப்பாரு, நாலு வருசம், ஒரு நாள் தவறாம." பெருமையாகத்தான் சொன்னாள். என்னைக் கைகாட்டித்தான் சொன்னாள். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், நல்ல சிரிப்பு, குற்றம் சொல்லும் சிரிப்பு இல்லை. "காபியோட போட்டா பாதி மாத்திரை உடம்புல சேராதும்மா. வெறும் தண்ணியில போட்டுட்டு, காபிக்கு ஒரு மணி நேரமாவது பொறுக்கணும். கால்சியம் மாத்திரை போடறதா இருந்தா அதுக்கு நாலு மணி நேரம்." கால்சியம். அதையும் நான் கொடுத்தேன். முட்டி வலிக்கு வேறொரு டாக்டர் எழுதிய வெள்ளை மாத்திரை, பெரிதாக இருக்கும், தொண்டையில் சிக்கும் என்று இரண்டாக உடைத்து, தைராய்டு மாத்திரையோடு சேர்த்து டவராவில் போட்டு, பக்கத்தில் டம்ளர். அப்போதே நான் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தேன். தலையைக்கூட ஆட்டினேன்.

ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான், மில்லில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்தேன், மெஷினோடு வந்த புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்தே வேலை கற்றேன், லைப்ரரியில் உடல்நலப் புத்தகம் ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். கொழுப்பைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்திருந்தேன். குழாய்க்குள் கிரீஸ் அடைகிற மாதிரி ரத்தக் குழாயில் அடைகிறது, எண்ணெய் ஊற்றினால் ஏறும், ஊற்றாவிட்டால் இறங்கும். இவ்வளவுதானே. டாக்டரம்மா சற்று முன்னால் ஒரு காகிதத்தில் கல்லீரலைப் படம் போட்டுக் காட்டினாள், அதன் மேலே சின்னச் சின்னக் கோடுகள். "இதெல்லாம் கதவு மாதிரிம்மா. ரத்தத்துல ஓடற கெட்ட கொழுப்பை இது வழியாத்தான் கல்லீரல் உள்ள இழுத்துச் செலவு பண்ணும். தைராய்டு சுரப்பு குறைஞ்சா இந்தக் கதவும் குறைஞ்சுபோகும். கொழுப்பு உள்ள போக வழியில்லாம ரத்தத்துலயே சுத்தும். நீங்க எண்ணெயே தொடலைன்னாலும் நம்பர் எறங்காது." அந்தக் கோடுகளில் நாலைந்தைப் பேனாவால் அடித்தாள். எண்ணெயே தொடலைன்னாலும். அந்த இடத்தில் என் காதில் வேறு எதுவும் விழவில்லை, அவள் பேசிக்கொண்டே போனாள், கோகிலா ஆமாங்க ஆமாங்க என்றாள், எனக்கு என் பெண்டாட்டி தெய்வானையின் குரல் மட்டும் கேட்டது, தடித்துப்போன குரல், கடைசி வருடங்களில் அவள் குரல் ஆம்பளைக் குரல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. நாந் திங்கலீங்க. ஏனுங்க, சத்தியமா நாந் திங்கலீங்க.

இருநூற்றுத் தொண்ணூறு. தெய்வானையின் முதல் கொழுப்பு ரிப்போர்ட். தைராய்டும் இருக்கிறது கொழுப்பும் இருக்கிறது என்றார் அப்போது நாங்கள் பார்த்த பெரிய டாக்டர், வாசலில் அறுபது பேர் காத்திருந்தார்கள், வெறும் வயித்துல இந்த மாத்திரை என்றார், எண்ணெய் நெய்யைக் குறைங்க என்றார், அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டான். அன்றைக்கே வீட்டில் நெய்யை நிறுத்தினேன். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு நெய் இல்லாமல் உட்கார்ந்தாள், கவளத்தை உருட்டி உருட்டி வைத்துக்கொண்டு, "இது தொண்டையில எறங்கணுமில்லைங்க" என்றாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் நெய்யை விட்டுவிட்டேன், அவளுக்கு மட்டும் தண்டனை மாதிரி இருக்கக் கூடாது என்று, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. தேங்காய் நின்றது. வடகம் நின்றது. ஆறு மாதம் கழித்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு. மெஷின் பொய் சொல்லாது, ஆள்தான் பொய் சொல்லும் என்று மில்லில் நான் பையன்களுக்குச் சொல்வேன், நூல் சுற்றுகிற ஸ்பிண்டில் சூடாகிறதென்றால் எவனோ எண்ணெய் விடவில்லை, விட்டேன் என்று சொன்னால் நம்பாதே, தொட்டுப் பார். ரிப்போர்ட்டும் மெஷினில் வருவதுதான். அப்படியானால் பொய் சொல்வது யார். கடலை எண்ணெய் பாட்டிலில் பென்சிலால் கோடு போட்டேன். காலையில் ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடு. அவள் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து, "கோடு சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். "இருக்குது." "அப்பறம் எந்த வழியா ஏறுதாமா?" "அதத்தான் நானும் கேக்கறேன், பக்கத்து வீட்டுல திங்கறியா?" "என்னையக் கேட்டா? ரத்தத்தைக் கேளுங்க." அப்போது அதில் கோபம் இருந்ததா, நையாண்டி இருந்ததா, இப்போது நினைவுக்கு வரவில்லை, அவள் புருவத்தின் ஓரம் உதிர்ந்து போயிருந்தது மட்டும் நினைவிருக்கிறது, மை வைத்துக்கொள் என்று சொன்னேன்.

சித்திரை வெயிலில் போர்வை போர்த்தினாள். மில்லில் எனக்குக் கொடுத்த சாம்பல் நிறப் போர்வை. வெளியே தார் உருகுகிறது, இவள் குளிருதுங்க என்கிறாள், பகலில் தூங்குகிறாள், ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நான் இன்னொரு வேலையை முடித்துவிடலாம். சோம்பேறித்தனம் ரத்தத்தில் கொழுப்பைச் சேர்க்கும் என்று படித்திருந்தேன். விடிந்ததும் மைதானத்தில் நாலு சுற்று என்று கூட்டிக்கொண்டு போனேன், நான் முன்னால், அவள் பின்னால், திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் எங்கோ தூரத்தில் வீங்கின காலோடு வந்துகொண்டிருப்பாள். கொழுப்பைக் குறைக்கத் தனியாக ஒரு மாத்திரை சேர்த்தார்கள். அதற்கப்புறம்தான் "காலு கழண்டு போற மாதிரி நோவுதுங்க" என்று ஆரம்பித்தாள். நடக்காமலிருக்கச் சாக்கு என்று நினைத்தேன். இதையும் இன்றைக்கு டாக்டரம்மா சொன்னாள், தானாகச் சொன்னாள், நான் கேட்கவில்லை. "தைராய்டைச் சரி பண்ணாம கொழுப்பு மாத்திரை மட்டும் எழுதிட்டா சிலருக்குத் தசைவலி பாடாப்படுத்தும், அதனாலதான் உங்களுக்கு இப்ப அதை எழுதல, தைராய்டு சரியானா இது தன்னால எறங்கும் பாருங்க." தன்னால. நாலு வருடம் நான் கையால் இறக்கப் பார்த்தது. இருங்கள், அந்தப் பெரிய டாக்டரும் ஒவ்வொரு தடவையும் கேட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது, மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார், ஐம்பது, எழுபத்தைந்து, நூறு, "ஒழுங்காப் போடறீங்களாம்மா?" அவள் வாயைத் திறப்பதற்குள் நான், "என்ற கையால குடுக்கறேனுங்க, வெறும் வயித்துலதாங்க." வெறும் வயிறு. காபி வயிற்றை நிரப்புமென்று எங்கள் ஊரில் யார் நினைத்தார்கள். பல் விளக்கினதும் காபி, அதற்கப்புறம்தான் நாள் ஆரம்பிக்கும், பலகாரம் எட்டு மணிக்கு, அதுவரைக்கும் வெறும் வயிறுதான், என் அம்மாவுக்கு அப்படி, தெய்வானைக்கு அப்படி, விரதம் இருக்கிறவர்கள்கூடக் காபி குடித்துவிட்டு விரதம் இருப்பார்கள். அந்த டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பொய் சொல்கிறவளைப் பார்க்கிற பார்வை. பஸ்ஸில் வரும்போது நானும் அவளை அப்படிப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்துதான் அது. வாய்விட்டுச் சொல்லவே நாக்குக் கூசும், நினைக்கவும் கூசுகிறது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. மாத்திரையைக் கொடுத்து, காபி குடிக்கவிட்டு, வாயைத் திற என்பேன். திறப்பாள். நாக்கைத் தூக்கு. தூக்குவாள். அறுபதை நெருங்குகிற பொம்பளை. இரண்டு பிள்ளைகளுக்குப் பாட்டி. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிடுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள்கூட மறுத்ததில்லை. மறுத்திருந்தால், டம்ளரைத் தட்டிவிட்டிருந்தால், எனக்கு வேண்டாம் போ என்று கொல்லைப்பக்கம் போயிருந்தால், அந்த ஒரு நாளாவது மாத்திரை காபி இல்லாமல் —

"பாப்பா, இன்னும் எத்தன நேரமாகும்? கண்ணு இருட்டிக்கிட்டு வருது." எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், நல்ல பருத்த உடம்பு, மடியில் மஞ்சப்பை, ஊசி போடுகிற பெண்ணைப் பார்த்துக் கத்துகிறாள். "சாப்பிடாமத்தானுங்க வந்தீங்க?" "பச்சத்தண்ணி பல்லுல படல சாமி. பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ மட்டும் குடிச்சேன்." "டீ குடிச்சீங்களா! அப்ப இன்னைக்கு ரத்தம் எடுக்க முடியாதுங்க, நாளைக்கு வாங்க." "அட இதென்ன அக்குரும்பு, அநியாயம்? டீ என்ன சோறா? ஒரு வர்க்கி பிஸ்கட்டு தொட்டிருப்பனா கேளு! டீத்தண்ணிக்கெல்லாம் கணக்கு வெச்சா மனுசி உசுரோட இருக்கறதா வேண்டாமா?" பெஞ்சு முழுக்கச் சிரிக்கிறது. எதிரில் இருக்கிற ஆள், "அக்கா, நாளைக்கு டீக்கடை இல்லாத ரோட்டுல வாங்க" என்கிறான். அவளும் சிரிக்கிறாள், என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கண்ணா, டீ சாப்பாடுங்களா?" என்கிறாள். இல்லைங்க என்றுதான் நாலு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு போகிறாள், வாசலில் செருப்பை மாட்டும்போதும் முனகுகிறாள். நாளைக்கு வருவாள். வந்தால் சரியாகப் போய்விடும். அவ்வளவு சின்னத் தப்பு.

நான் தப்புச் செய்தேன், தெரியாமல் செய்தேன், அதைக்கூட எப்படியாவது சுமந்துகொள்ளலாம், எழுபத்திரண்டு வயது, இன்னும் எத்தனை நாளைக்கு. அதனால்தான் அவள் செத்தாள் என்று யார் சொல்ல முடியும், டாக்டரம்மாவைக் கேட்டால் இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்பாள், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கொள்ளலாம். அது இல்லை இப்போது என்னை உட்காரவிடாமல் செய்வது. கோகிலா. ஐப்பசியில், தீபாவளி முடிந்து நாலாம் நாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த தெய்வானை அப்படியே சுவரில் சாய்ந்தாள், முறம் மடியிலேயே இருந்தது. தீபாவளிக்குக் கோகிலா வந்திருந்தபோது தன் கையால் செய்த மைசூர்பாகு ஒரு டப்பா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள், நெய் சொட்டச் சொட்ட, நான் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே பரண்மேல் வைத்தேன். தெய்வானையின் உயிர் போன பிறகு, பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது, நான் எதற்கோ உள்ளே போனவன் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். யாராவது பெண்டாட்டி கூடத்தில் கிடக்கும்போது டப்பாவைத் திறந்து பார்ப்பார்களா. நான் பார்த்தேன். இரண்டு துண்டு குறைந்திருந்தது. வெளியே வந்தேன், சாமியானாவுக்கு அடியில் தெய்வானைக்கு அண்ணனான என் மச்சான், அவர் சம்சாரம், பங்காளிகள், மில்லுக்காரர்கள், நூறு பேர் இருப்பார்கள், கோகிலா அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவருகிறாள், தலை கலைந்து, அப்பா என்று என்மேல் விழ வருகிறாள். நான் டப்பாவைத் தூக்கிக் காட்டி, "உன்ற நெய்தான்டி உங்கம்மாளைக் கொன்னுபோட்டுது" என்றேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் துக்கத்தில் சொன்னான் என்று விட்டிருப்பார்கள். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மில் சத்தத்தில் பேசிப் பழகிய குரலில் சொன்னேன்.

பதினொரு வருடம். அவள் வீட்டில் நெய் வாங்குவதில்லை. பிள்ளைகள் இட்லிக்குக் கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போவாளாம், மாப்பிள்ளை ஒரு தடவை என்னிடம் சொன்னார். தீபாவளியன்று கடையில் வாங்கிய காரம் மட்டும். மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் இனிப்புத் தட்டை எடுத்துக்கொண்டு பந்தியில் வந்தவளைப் பார்த்து மச்சான் சம்சாரம், "அய்யோ, கோகிலா கையில தட்டக் குடுக்காதீங்க, அப்பறம் பாடை கட்டோணும்" என்றாள், விளையாட்டுக்குத்தான் சொன்னாள், நாலு பேர் சிரித்தார்கள், கோகிலாவும் சிரித்தாள், தட்டை வைத்துவிட்டுப் போனாள். நான் அந்தப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டு துண்டை யார் தின்றார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கீரை கொண்டுவந்து கொடுத்த பொம்பளைக்குக்கூட அவள் கொடுத்திருக்கலாம், யாராவது வந்தால் வெறுங்கையோடு அனுப்பாதவள். தெய்வானையே தின்றிருக்கட்டும். இரண்டு துண்டு. இரண்டு துண்டில் என்ன இருக்கிறது, கதவே இல்லாத வீட்டுக்கு.

இன்றைக்குக் கோகிலாவும் டாக்டரம்மா சொன்னதைக் கேட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுப் புரிந்துகொண்டாளா, இல்லை மாத்திரை நேரத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டாளா. புரியாவிட்டால் நான் சும்மா இருந்துவிடலாம். பஸ் ஏற்றிவிடலாம், கண்ணு, ஒரு மணி நேரம் மறக்காதே என்று சொல்லி அனுப்பலாம், அவளுக்கு ஒன்றரை மாதத்தில் இறங்கிவிடும், அவள் தப்பிவிடுவாள். ஆனால் அம்மாவைக் கொன்றவளாகவே தப்புவாள். சொல்ல வேண்டும். சொன்னால் எனக்கென்று இருக்கிறது இந்த ஒரு பெண், வாரம் ஒரு தடவை போன் செய்கிறவள், மாதம் ஒரு தடவை வந்து என் துணிகளை ஊறவைத்துவிட்டுப் போகிறவள், அதற்கப்புறம் வருவாளா. எப்படி ஆரம்பிப்பது. உங்கம்மா பொய் சொன்னதில்லை என்று ஆரம்பிக்கலாம். உன் மைசூர்பாகு என்று ஆரம்பிக்கலாம். எது சொன்னாலும் முதல் வார்த்தையிலேயே என் குரல் உடையும், பெஞ்சில் ஆட்கள் இருக்கிறார்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், வீட்டுக்குப் போனால் சொல்லமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

திரை விலகுகிறது. முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு வருகிறாள். பக்கத்தில், அந்த டீக்காரம்மாள் விட்டுப்போன இடத்தில் உட்காருகிறாள். "ரெண்டு தடவை குத்திப்போட்டா அப்பா, நரம்பே கெடைக்கலையாமா." அவள் முகத்தைப் பார்க்கிறேன். கன்னம் உப்பியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே வீக்கம், தெய்வானையின் முகம் இப்படித்தான் ஆரம்பித்தது. அவள் காதுக்கருகில் குனிந்தேன். "அம்மிணி, உங்கம்மா எதையும் ஒளிச்சுத் திங்கல. உன்ற பலகாரத்துனால இல்ல. நான் குடுத்த காபி. தப்பு என்னுது." அவ்வளவுதான் வந்தது. அதுவும் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவள் பஞ்சை எடுத்துப் பார்த்தாள். மறுபடி அழுத்திக்கொண்டாள். "டாக்டரம்மா சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுதுங்கப்பா. நீங்களாச் சொல்றீங்களான்னுதான் பாத்தேன்." நான் அவள் கையைத் தொடப் போனேன், நகர்த்திக்கொண்டாள். "அன்னைக்கு நூறு பேரு முன்னாடி சொன்னீங்க. இதை எதுக்கு என்ற காதுல சொல்றீங்க?" குரலை உயர்த்தவில்லை. நான் அன்று சொன்ன மாதிரியே, தெளிவாகச் சொன்னாள்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். மச்சான் பெயரைத் தேட விரலுக்கு நேரமாயிற்று, கோகிலா பார்த்துக்கொண்டிருந்தாள், தேடிக் கொடுக்க முன்வரவில்லை. எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச்சு விளங்கும், போட்டேன். மணி அடிக்கிற சத்தம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது, எதிர் பெஞ்சுக்காரன் நிமிர்ந்து பார்த்தான். "யாரு, மாப்ளயா? என்ன காத்தாலயே?" "ஆமாங்க மச்சான், நாச்சிமுத்து பேசறேன். ஆஸ்பத்திரியிலிருந்து. தெய்வானையைப் பத்தி ஒண்ணு சொல்லோணும். அவ ஒளிச்சுத் தின்னதில்லைங்க. கோகிலா செஞ்ச பலகாரத்துனால அவ சாகலைங்க. நான் மாத்திரையைத் தப்பாக் குடுத்தேன், நாலு வருசமாக் குடுத்தேன். சாமியானாவுல நான் சொன்னது அநியாயம். உங்க வீட்டுல அக்காகிட்டயும் சொல்லுங்க, எல்லாருகிட்டயும் சொல்லுங்க." அந்தப் பக்கம் இரைச்சல், யாரோ சிரிப்பது, பாட்டு. "மாப்ள, ஒண்ணுமே வெளங்கல, டிவி ஓடுது. இரு, நிறுத்தச் சொல்றேன். ஏ, அதை நிறுத்து, மாப்ள என்னமோ சொல்றாரு, எல்லாரும் கம்முனு இருங்க."

டிவி நின்றது. பெஞ்சிலும் பேச்சு நின்றிருந்தது, ஊசி போடுகிற பெண் திரையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றேன். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.